முக்கால் அங்குலம்

என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஊரார் நெஞ்சையெல்லாம் அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அதே குரலில் என்னிடம் தண்ணீர் கேட்பாள். நான் தையல்காரன். வீட்டின் முன்பக்கம் என் கடை, பின்பக்கம் அவளுடைய ஷெட். நடுவில் இருக்கும் இரண்டு அறைகளில் துணித் துண்டும் கிரீஸ் கறையும் சண்டையில்லாமல் குடியிருந்தன.

ஷெட்டில் நின்றது ஒரு மோட்டார் சைக்கிள். ஒற்றைச் சிலிண்டர், எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. நான் அதற்கு வைத்த பெயர் மாமனார். காலையில் இருமும், புகை விடும், மரியாதை கொடுத்து எழுப்பினால்தான் எழுந்திருக்கும். என் நிஜ மாமனார் இருந்தவரை இந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. ஏழு வயதில் ஒருமுறை ஏறி, ஒரு முன்பல்லைச் சாலைக்குக் காணிக்கையாகக் கொடுத்தேன். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வண்டியெடுத்துப் போனால் திரும்பி வரும்வரை நான் காஜா எடுக்க மாட்டேன். கை நடுங்கினால் பட்டன் துளை கோணிவிடும். இருபத்தெட்டு வருடமாக என் கடையில் ஞாயிறு காலையில் வெறும் நேர்த்தையல்தான்.

அவளுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு பேர், ஆறு பழைய வண்டி. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், லேத் பட்டறை வைத்திருக்கிறான். அப்புறம் பேக்கரி அண்ணன். நூற்றுப் பத்து கிலோ, அவர் உட்கார்ந்தால் வண்டி ஒரு பெருமூச்சு விடும். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கும் டீச்சர். பேக்கரியின் பின்வாசலில் ஒரு பெரிய சிமெண்டு முற்றம் இருக்கிறது. அங்கே ஒரு ஞாயிறு வண்டியைப் பிரிப்பார்கள், அடுத்த ஞாயிறு மாட்டுவார்கள், மூன்றாவது ஞாயிறு ஓட்டிக்கொண்டு போவார்கள், நாலாவது ஞாயிறு தள்ளிக்கொண்டு வருவார்கள். இவர்களுக்கு சீட் உறையும் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுத்த வகையில் நானும் பாதி உறுப்பினன்.

வருடத்துக்கு ஒருமுறை ஏரிச் சாலையில் போட்டி. பக்கத்து ஊர்ச் சங்கங்களும் வரும், நாற்பது வண்டி சேரும். அதில் வேகமாகப் போனவருக்குப் பரிசு இல்லை. ஏரியை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் சுற்றை உன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். இரண்டாவது சுற்றை அதே நேரத்தில் ஓட்டி முடிக்க வேண்டும். கைக்கடிகாரம் கூடாது, போன் கூடாது, வண்டியின் மீட்டர்மேல் நாடா ஒட்டிவிடுவார்கள். ஆளாளுக்கு முறுக்கி, கிழட்டு எஞ்சின்களைச் சாகடித்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ புத்திசாலி போட்ட விதி. என் மனைவி ஏழு முறை ஜெயித்திருக்கிறாள். ஒருமுறை இரண்டு சுற்றுக்கும் நடுவே கால் செகண்டுகூட வித்தியாசம் இல்லை. டீச்சர்தான் நேரம் பார்ப்பார். சொந்தத் தங்கையாக இருந்தாலும் அரை செகண்டு விட்டுக்கொடுக்காத ஜென்மம்.

இந்த வருடம் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு காலை அவள் கட்டிலிலிருந்து எழுந்து நேராகத் தரையில் உட்கார்ந்தாள். "வீடு சுத்துது, பிடிங்க" என்றாள். வீட்டை எங்கே பிடிப்பது? அவளைப் பிடித்துக்கொண்டேன். உள்காதில் ஏதோ கிருமி. மூன்று வாரம் கட்டிலின் சட்டத்தைப் பற்றிக்கொண்டே படுத்திருந்தாள். சுற்றல் ஒருவழியாக நின்றது. ஆனால் இடது காது போய்விட்டது, உடம்பின் நிதானமும் அதோடு பாதி போய்விட்டது.

காது டாக்டர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்குப் போகலாம். ரெண்டு சக்கர வண்டி மட்டும் வேணாம்மா. திரும்புற எடத்துல தலை சுத்துனா உங்களால நிமிர முடியாது" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைப்பதாக நினைத்து, "மூணு சக்கரம்னா தாராளமா ஓட்டுங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கடையிலிருந்து நாலு மீட்டர் லைனிங் துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைப் போர்த்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிறவளைத் தேற்றத் தெரியும். பேசாமல் இருக்கிறவளை என்ன செய்வது என்று இருபத்தெட்டு வருடத்தில் நான் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பேப்பரைப் படித்தாள். எனக்கு காஜா எடுக்கக் கை நடுங்கவில்லை. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

டாக்டர் சொன்ன மூணு சக்கர நகைச்சுவையைச் சங்கத்தில் போய்ச் சொன்னேன். மச்சானும் பேக்கரி அண்ணனும் உச்சுக்கொட்டினார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை.

"சைடு கார் மாட்டுனா மூணு சக்கரந்தானே?" என்றார்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் மச்சானின் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. அவன் குழாயை வளைத்துச் சட்டம் செய்தான். பேக்கரி அண்ணன் பழைய ரொட்டி டெலிவரிப் பெட்டியின் தகரத்தைக் கொடுத்தார். அதைத் தட்டி நிமிர்த்தி, ஒரு ஆள் உட்காரும் தொட்டி ஆக்கினார்கள். எத்தனை தடவை கழுவியும் அதில் பன் வாசனை போகவில்லை. சீட் நான் தைத்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மாமனாரைத் திருட்டுத்தனமாகப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், இடது பக்கத்தில் சைடு காரை மாட்டினோம்.

மறுநாள் அவளைப் பேக்கரி முற்றத்துக்குக் கூட்டிவந்தேன். பார்த்தாள். குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தாள். சட்டத்தின் கீழே விரலை விட்டுத் தடவினாள்.

"யாரு வெல்டிங்?"

"நான்தான்க்கா" என்றான் மச்சான், பரீட்சைத் தாள் வாங்கப் போகிறவன் குரலில்.

"பரவால்ல."

அவள் வாயில் 'பரவால்ல' என்றால் மற்றவர்கள் வாயில் 'அபாரம்' என்று பொருள். அப்போது அவள் சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. நான் மாவு மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டேன்; நின்றிருந்தால் எல்லோர் முன்னாலும் மூக்கை உறிஞ்சியிருப்பேன்.

சந்தோஷம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

முதலில் சோதித்துப் பார்க்கிறேன் என்று பேக்கரி அண்ணன் ஏறினார். முப்பத்தைந்து வருடம் வண்டி ஓட்டியவர். முற்றத்தின் கோடியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி நேராகப் போய், முருங்கை வேலி மாதிரி ஒடிசலாக நின்ற மூங்கில் தட்டியைப் படுக்கவைத்து நின்றது. "பிரேக் சரியில்ல" என்றார். அடுத்து மச்சான். வலது பக்கம் திரும்பப் போனவன் இடது பக்கச் சுவரில் காலி டின்களுக்குள் புகுந்தான். "சக்கரம் கோணலா மாட்டியிருக்கு" என்றான். மாட்டியதே அவன்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கட்டியவனே சொல்கிறான். டீச்சர் ஏறினார், மூன்று அடி போனார், நிறுத்தினார், இறங்கினார்.

"கோணல் வண்டியில இல்ல. நம்மகிட்ட" என்றார்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். இரண்டு சக்கர வண்டியை வேகத்தில் யாரும் ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்புவதில்லை. உடம்பைச் சாய்க்கிறார்கள். வலது தோள் இறங்கும், அந்தக் கை பாரை லேசாக முன்னால் தள்ளும், வண்டி சாய்ந்து வலது பக்கம் போகும். இது அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது. சைடு கார் வண்டி சாயாது. அதைக் குழந்தையின் மூணு சக்கர சைக்கிள் மாதிரி பாரை இழுத்துத்தான் திருப்ப வேண்டும். சாய்கிற பழக்கத்தில் கை பாரைத் தள்ளினால், பார் எதிர்ப் பக்கம் திரும்பும், வண்டியும் எதிர்ப் பக்கம்தான் போகும். எவ்வளவு நன்றாக ஓட்டத் தெரியுமோ அவ்வளவு மோசமாகத் தப்பு நடக்கும்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஏறினாள். நாலு பேரில் அவள்தான் அருமையாக ஓட்டுகிறவள். நாலு பேரில் அவள்தான் மோசமாக இடித்தாள். மணல் குவியலில் முன்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. மறுபடி ஏறினாள், மறுபடி மணல். "தோளை இறக்காதக்கா!" என்று மச்சான் கத்தினான்.

"இறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அது என்னக் கேட்டுட்டா இறங்குது?" என்று அவளும் கத்தினாள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கெட்ட நேரம், பேக்கரி அண்ணன் சூழ்நிலையை லேசாக்க நினைத்து, "தம்பி, நீங்க ஏறுங்க பாப்போம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். மச்சான் என்னைத் தூக்காத குறையாக உட்காரவைத்து, ஒன்றாம் கியரைப் போட்டு, "கிளட்சைப் பிடிச்சிருக்கீங்கல்ல, மெதுவா விடுங்க" என்றான். விட்டேன். பயத்தில் உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது. வண்டி நகர்ந்தது. சுவர் வந்தது. பாரை வலது பக்கம் இழுத்தேன். வண்டி வலது பக்கம் திரும்பியது. முற்றத்தை அழகாக ஒரு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து, எஞ்சினை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அலறினேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். திரும்பினால் அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி சீட்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்துகொண்டிருந்தாள்.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத புருஷன், அவளுடைய வண்டியில் ஏறி, அவளால் முடியாததை, அவள் கண்ணெதிரே, இளித்துக்கொண்டே செய்துவிட்டு வருகிறான். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர். பத்து வருடமாக மாமனாரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு தடவையும் இவள் சிரித்துக்கொண்டே மறுத்திருக்கிறாள்.

"சங்கத்துல போட்டிக்குப் பேர் கொடுத்துட்டாங்க. கொடுத்த பேரை வாபஸ் வாங்கற பழக்கம் எனக்கு இல்ல. ஒப்புக்கு ரெண்டு சுத்து ஊர்ந்துட்டு வந்துடறேன். அங்கயே வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றாள்.

போனை வைத்ததும் சொன்னேன், "கொஞ்சம் பொறுமையா யோசிக்கலாமே."

"யோசிச்சாச்சு."

"அவங்கல்லாம் அஞ்சு வாரம்..."

"தெரியும். அதனாலதான் போட்டிக்கு வரேங்கறேன்." பிறகு, தணிந்த குரலில், "எனக்கு இருந்தது அது ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் எல்லாரும் செய்யறதுதானே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 'அப்போ நான்?' என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவள் சொன்னது என்னைப் பற்றி இல்லை என்று புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தது.

கடையில் உட்கார்ந்து யோசித்தேன். எஞ்சின் எனக்குத் தெரியாது. முதுகு தெரியும். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து நாலு பேருடைய முதுகையும் பார்த்திருந்தேனே. நாலு பேருக்கும் திரும்புவதற்கு ஒரு விநாடி முன்னால் தோள் இறங்கியது. பேக்கரி அண்ணனுக்கு ஓர் அங்குலம், என் மனைவிக்கு முக்கால். எனக்கு இறங்கியிருக்காது, பயந்தவனுக்குத் தோள் காதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என் திறமை மொத்தமும் பயம்தான். அவள் தோளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனால் தோள் துணிக்குள்தான் இருக்கிறது. துணி நான் சொன்னபடி கேட்கும்.

அவளுடைய கேன்வாஸ் ஜாக்கெட்டை எடுத்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் தைத்தது. என் கையிலிருந்து வந்ததிலேயே உருப்படியான வேலை என்று சொல்லுவேன். அதைப் பிரித்தேன். முதுகு அகலத்தில் முக்கால் அங்குலம் பிடித்தேன். அக்குள் வளைவை மேலே ஏற்றிக் குறுக்கினேன். பக்கத் தையலை இறுக்கினேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு தோள் இறங்கினால் எதிர் அக்குளில் நறுக்கென்று கடிக்கும். முதுகுத் தையலுக்கு மட்டும் நைலான் போடாமல் சாதாரணப் பருத்தி நூல் போட்டேன். சாலையில் ஆபத்து அவசரம் என்று கையை வீசினால் ஜாக்கெட் அவளைப் பிடித்து வைக்கக் கூடாது, கிழிந்து வழிவிட வேண்டும்.

முடித்துவிட்டுப் பார்த்தேன். வெட்கக்கேடான ஜாக்கெட். வேறு கடையில் தைத்து வந்திருந்தால் அந்தத் தையல்காரனை ஊர்முழுக்க நாறடித்திருப்பேன்.

"நீ ஆறு கிலோ இளைச்சிருக்க. பழைய அளவு தொளதொளன்னு இருந்துச்சு. கொஞ்சம் பிடிச்சிருக்கேன்" என்று கொடுத்தேன்.

போட்டுக்கொண்டாள். கையை முன்னால் நீட்டினாள், பக்கவாட்டில் அசைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்குள்ல கடிக்குது."

"புதுத் தையல் இல்லியா, போடப் போடப் பழகிடும்" என்றேன்.

மோசமான தையல்காரர்கள் அத்தனை பேரும் சொல்கிற வசனம். வாழ்நாள் முழுக்க நான் கேலி செய்த வசனம். அதை என் வாயாலேயே, என் மனைவியிடமே சொன்னேன். முகத்தைத் துணிக்கட்டுக்குள் புதைத்துக்கொண்டேன். அவள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே உள்ளே போனாள்.

அவளை மறுபடி முற்றத்துக்கு வரவழைக்க டீச்சரைப் பிடித்தேன். "ஊர்ந்து போறதுன்னாலும் ரெண்டு சுத்து ஒழுங்கா ஊரணும். ஏரிக்குள்ள இறங்கிட்டா நான் நேரம் குறிக்க மாட்டேன்" என்று அவர் போனில் மிரட்டினார். மிரட்டலுக்கு என் மனைவி மதிப்புக் கொடுப்பாள். வேலைக்குப் போகுமுன் தினமும் முக்கால் மணி நேரம். சைடு காரில் எடைக்கு மணல் மூட்டை. முதல் நாள் மணல் குவியலில் ஒருமுறைதான் இடித்தாள். மூன்றாம் நாள் இடிக்கவில்லை. சாய வரும்போதெல்லாம் ஜாக்கெட் கிள்ளும். கிள்ளியதும் தோள் தயங்கும். அந்தத் தயக்கத்தில் கை பாரை இழுக்கும். ஒரு வாரத்தில் முற்றத்தைச் சுற்றி வந்தாள். ஆனால் ஓட்டுகிற மாதிரி இல்லை. யாரோ கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிற மாதிரி இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலம் அக்குளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். சிவந்திருந்தது. நான் பார்க்காதது போல் பாபினுக்கு நூல் சுற்றினேன்.

மருந்துக்கடைக்காரர் வருவது பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போட்டியன்று காலை இன்னொரு சங்கதி தெரிந்தது. சைடு காரில் மணல் மூட்டை செல்லாது, உயிருள்ள ஆள் உட்கார வேண்டும் என்பது விதி. மச்சானுக்கு அவன் வண்டி இருக்கிறது. பேக்கரி அண்ணன் உட்கார்ந்தால் மாமனார் நகரமாட்டார். டீச்சர் கையில் கடிகாரம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அறுபத்தெட்டு கிலோ. மூட்டைக்குச் சரியான அளவு" என்றான் மச்சான்.

ஏறி உட்கார்ந்தேன். நான் தைத்த சீட் நன்றாகத்தான் இருந்தது. பன் வாசனை வந்தது. என் தலைக்கு மேலே வலது பக்கத்தில் அவள். அந்தப் பக்கம் பார்த்தால் அவளுடைய தோள், செவிட்டுக் காது, ஹெல்மெட்டின் விளிம்பு. கொஞ்சம் தள்ளி, ஒரு புத்தம்புது ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாவம், மரியாதையாகக் கையசைத்தார்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு வண்டி. எங்கள் முறை வந்தது. டீச்சர் கொடியை இறக்கினார்.

முதல் சுற்று சொன்னபடி ஊர்ந்தோம். ஏரி இடது கைப்பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க வரும், ஜாக்கெட் இழுக்கும், நிற்கும், பார் திரும்பும். ஒரு தப்பும் இல்லை. ஏழு முறை ஜெயித்தவளை அக்குளில் கிள்ளிக் கிள்ளி ஓட்டவைத்திருக்கிறேன். இது அவள் கேட்டதா? இப்படி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குப் பதில் வண்டியைக் கொடுத்துவிடுவதே மேல் என்று அவளுக்குத் தோன்றினால், தப்பு அவளுடையது இல்லை.

சுற்று முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், பம்ப் ஹவுஸ் வளைவில், ஒரு வாத்து தன் குடும்பத்தோடு சாலையில் இறங்கியது. அவள் இரண்டு கையாலும் பாரைச் சட்டென்று இழுத்தாள். வண்டி வாத்துகளைச் சுற்றிக்கொண்டு போனது. அப்போது எனக்குக் கேட்டது. அந்த எஞ்சின் சத்தத்தில் தையல் பிரிகிற சத்தம் கேட்டது என்றால் மச்சான் இன்றைக்கும் நம்ப மாட்டேன் என்கிறான். என் தையல், எனக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், அவள் தோளுக்குப் பின்னால் முதுகுத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து, வெள்ளை லைனிங் காற்றில் படபடத்தது.

"நிறுத்து!" என்று கத்தினேன். "ஜாக்கெட் போச்சு, நிறுத்து!"

செவிட்டுக் காதுப் பக்கம் கத்தி என்ன பிரயோஜனம்? கோட்டைத் தாண்டிவிட்டோம். இரண்டாவது சுற்று ஆரம்பித்துவிட்டது. இப்போது அவள் தோளைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. முதல் வளைவு வந்துகொண்டிருந்தது. வலது பக்க வளைவு, இந்தப் பக்கம் ஏரி. தப்பாகப் போனால் நேராகத் தண்ணீர்; எனக்கு நீச்சலும் தெரியாது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் வலது தோளைப் பார்த்தேன்.

இறங்கவில்லை.

பார் திரும்பியது. வண்டி வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அவள் தோளை ஒருமுறை நன்றாகக் குலுக்கிக்கொண்டாள், இறுக்கமான சட்டையைக் கழற்றிப் போட்டவள் மாதிரி. பிறகு கைப்பிடியை முறுக்கினாள்.

மாமனாருக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மரங்கள் பின்னால் ஓடின. எங்களுக்கு முன்னால் புறப்பட்ட ஒரு வண்டியைத் தாண்டினோம், அப்புறம் இன்னொன்று. இடது பக்க வளைவு வந்ததும் நான் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. நான் வீறிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டாள்: "அந்தப் பக்கமா சாயுங்க! வெளிய! இன்னும் வெளிய!"

நான் சாய்ந்தேன். சைக்கிளிலிருந்து விழுந்த நாளிலிருந்து எந்த வண்டியிலும் எந்தப் பக்கமும் சாயாதவன், பாதி உடம்பை ஏரிப் பக்கம் தொங்கவிட்டுச் சாய்ந்தேன். சக்கரம் இறங்கித் தரையைப் பிடித்தது. அவள் சிரிப்பது கேட்டது. ஆஸ்பத்திரிக் குரல் இல்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவளின் குரல் இல்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

எனக்கு அழுகை வந்தது. காற்றில் கண்ணீர் காதுக்குப் போனது. "உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும்டி" என்று கத்தினேன். வாழ்நாளில் அவளை 'டி' போட்டதில்லை, இதைச் சொன்னதும் இல்லை. கேட்காத காது என்ற தைரியம்தான். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இருபத்தெட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வளைவு வந்ததும் சொல்வதை நிறுத்திவிட்டு ஒழுங்காகச் சாய்ந்தேன்.

கோட்டைத் தாண்டி நின்றோம். மச்சான் ஓடி வந்தான். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முதல் சுத்து எட்டு நிமிஷம் நாப்பத்தோரு செகண்டு. ரெண்டாவது ஏழு நிமிஷம் இருபத்துநாலு. வித்தியாசம் ஒரு நிமிஷம் பதினேழு செகண்டு." குரலில் துளி இரக்கம் இல்லை. "இதுவரைக்கும் வந்ததுல கடைசி. இனி வரப்போறவங்களும் இவ்வளவு மோசமா ஓட்ட மாட்டாங்க."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் கொடியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னக்கா இது!" மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒண்ணே கால் நிமிஷம்! நீயா?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். முடியெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் மெதுவாக வந்து நின்றார். அவள் சிரிப்பை நிறுத்தினாள். "சார், உங்ககிட்ட வாக்குக் கொடுத்தேன்..." என்று ஆரம்பித்தாள். அவளுக்கு எப்போதும் வராத திக்கல் வந்தது.

"விடுங்கம்மா" என்றார் அவர். "நீங்க ரெண்டாவது சுத்துல அந்த மரத்தாண்ட போனதப் பாத்ததுமே வீட்டுக்கு போன் பண்ணி, வண்டி வரல, நம்ம ஷெட்ல துணி காயப்போட்டுக்கலாம்னு சொல்லிட்டேன்." புது ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டே பேக்கரி அண்ணன் கொண்டுவந்திருந்த பன் இருக்கும் பக்கம் நடந்தார். இவ்வளவு பெருந்தன்மையான மனிதருக்கு ஒரு சட்டையாவது தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்தும்விட்டேன், சரியான அளவில்.

கூட்டம் அடுத்த வண்டியைப் பார்க்கப் போனதும் நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி, கிழிந்த முதுகை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

"கொடு, வீட்டுக்குப் போய் தைச்சுடறேன்" என்றேன்.

"எவ்வளவு பிடிச்சீங்க?"

"முக்கால் அங்குலம்."

"நீங்க ஒரு அக்குளைக்கூடத் தப்பா வெட்டினதில்ல. போட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல? எண்ணெய் தடவற அளவுக்குக் கடிச்சுதே?"

"நீங்க மெனக்கெட்டு மோசமா தைச்சிருக்கீங்க. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா?"

பேச்சை மாற்றுவதற்காக, "அதான் நல்லா ஓட்ட வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு அவ்ளோ முறுக்கின? முதல் சுத்து மாதிரியே போயிருந்தா எட்டாவது தடவை ஜெயிச்சிருக்கலாம்" என்றேன்.

அவள் ஜாக்கெட்டைச் சுருட்டி என் கையில் வைத்தாள்.

"முதல் சுத்து உங்க ஜாக்கெட் ஓட்டுச்சு. ரெண்டாவது சுத்து நான் ஓட்டினேன். ரெண்டு பேர் ஓட்டினா எப்படிங்க ஒரே நேரம் வரும்?"